ஷேரும் பண்ண வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம், ஆனா சும்மாவும் இருக்க வேண்டாம்

வந்த கேள்வி, கொஞ்சம் சுருக்கி:

"மேடம், நான் கோயம்புத்தூர்ல 80 பேர் வேலை பாக்குற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன். எங்க டீம்ல முன்னாடி இருந்த பொண்ணு ஒருத்தி, எங்க டீம் லீட் பேரப் போட்டே இன்ஸ்டாகிராம்ல எழுதியிருக்கா, நாலரை மாசம் முன்னாடி வால்பாறைக்கு டீம் அவுட்டிங் போனப்போ அவகிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு. அடுத்த மாசமே அவ வேலைய விட்டுட்டா. பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அத ஷேர் பண்ணிட்டாங்க, நீ மட்டும் ஏன் பண்ணல, அவன் பக்கமான்னு கேக்குறாங்க. இங்க ஆஃபீஸ்ல, அவர் அப்பழுக்கில்லாதவர்னு மேனேஜ்மென்ட் ஒரு லெட்டர் சுத்த விட்டிருக்கு, பாதிப் பேருக்கு மேல கையெழுத்து போட்டாச்சு. எங்கப்பாவுக்கு பைபாஸ் நடந்தப்போ எனக்கு லீவும் அட்வான்சும் வாங்கிக் குடுத்தது அந்த மனுஷன்தான். அன்னைக்கு ராத்திரி அவ அழுதுக்கிட்டே மாடிலருந்து இறங்கி வந்தத நான் பாத்தேன், என்ன ஏதுன்னு கேக்கல. கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரா இருந்தாலும் நிரபராதிதானே மேடம்? நான் என்ன பண்ணட்டும்? பேர் போட வேண்டாம்."

ஷேரா கையெழுத்தான்னு இவ்ளோ எழுதிட்டு, நடுவுல போற போக்குல ஒரு வரி விட்டுட்டுப் போயிட்டீங்க பாருங்க, அழுதுக்கிட்டே இறங்கி வந்தத பாத்தேன்னு, அதத்தான் நான் திரும்பத் திரும்ப படிச்சேன். அந்த போஸ்ட்ட ஷேர் பண்ணவங்கள்ல எத்தன பேர் அன்னைக்கு வால்பாறைல இருந்தாங்க? லெட்டர்ல கையெழுத்து போட்டவங்கள்ல எத்தன பேர் அந்த மாடிப்படி பக்கம் நின்னாங்க? நீங்க நின்னீங்க. சட்டத்துல உங்களுக்கு பேரு சாட்சி. சாட்சிக்கு இருக்கற கடமை, கருத்து சொல்றவங்களுக்கு இருக்கறத விட கொஞ்சம் பெருசு, அதனாலதான் உங்களுக்கு தூக்கம் வர மாட்டேங்குதுன்னு நினைக்கிறேன்.

மொதல்ல கோர்ட் விஷயத்த முடிச்சிருவோம். கோர்ட் தீர்ப்பு வரட்டும்னு சொல்றீங்களே, எந்த கோர்ட்ல என்ன கேஸ் நடக்குது? போலீஸ்ல எஃப்.ஐ.ஆர் இல்ல, பாலியல் தொல்லைப் புகார விசாரிக்கற ஆஃபீஸ் கமிட்டில கம்ப்ளைன்ட் இல்ல, இருக்கறது ஒரு இன்ஸ்டா போஸ்ட். கேஸே இல்லாத எடத்துல தீர்ப்புக்கு காத்திருக்கேன்னு சொன்னா, காலம் பூரா காத்திருக்கப் போறேன்னுதான் அர்த்தம், அது அந்த மனுஷனுக்கு மட்டுந்தான் வசதி, சில சமயம் அவருக்கும் வசதி இல்ல ஏன்னா அந்த போஸ்ட் அவர் ரிட்டயர் ஆகற வரைக்கும் கூகுள்ல தொங்கிக்கிட்டிருக்கும்.

அப்புறம் இந்த நிரபராதி விஷயம். ஒருத்தர ஜெயிலுக்கு அனுப்பறதுன்னா நியாயமான சந்தேகத்துக்கு எடமில்லாம நிரூபிக்கணும், அது கிரிமினல் கோர்ட்டோட அளவுகோல். ஆஃபீஸ் கமிட்டிக்கு அந்த அளவு வேண்டாம், ரெண்டு பக்கமும் கேட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்குன்னு பாத்தா போதும். அதே மாதிரி அவங்க குடுக்கற தண்டனையும் தூக்குல போடறது இல்ல, எழுத்துல மன்னிப்பு, எச்சரிக்கை, கவுன்சிலிங், ப்ரமோஷன் நிறுத்தறது, கடைசியா வேலைய விட்டு அனுப்பறது, இப்படி படிப்படியா இருக்கு. வெளில நடக்கற விசாரணைல இந்தப் படி எதுவும் கிடையாது. ஒரு அசிங்கமான மெசேஜ் அனுப்பினவனுக்கும் கதவப் பூட்டினவனுக்கும் அங்க ஒரே தண்டனை, பேர் நாறும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, அதுக்கு கீழயும் ஒண்ணும் இல்ல.

சரி, இப்ப உங்க ஃப்ரெண்ட்ஸ் பக்கம் வரேன். அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. போஷ்னு நாம சொல்ற, வேலை பாக்குற எடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லைய தடுக்கற சட்டம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் இருக்காது. ராஜஸ்தான்ல பன்வாரி தேவின்னு ஒரு அம்மா, அரசாங்கத் திட்டத்துல கிராம ஊழியரா இருந்தவங்க, 1992ல ஒரு குழந்தைக் கல்யாணத்த தடுக்கப் போனதுக்காக கூட்டு பலாத்காரம் பண்ணப்பட்டாங்க, 1995ல கீழ்க் கோர்ட் அந்தக் குற்றச்சாட்டுலருந்து எல்லாரையும் விடுவிச்சிருச்சு. அவங்களுக்கு நடந்த கொடுமைய வச்சு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதுல 1997ல விசாகா தீர்ப்பு வந்துச்சு, வேலை பாக்குற எடத்துல புகார் கமிட்டி வேணும்னு. அத சட்டமாக்க நம்ம பார்லிமென்டுக்கு 2013 ஆச்சு, 16 வருஷம். சட்டம் வந்து பத்து வருஷம் கழிச்சு, 2023ல, நாட்டுல இருக்கற 30 தேசிய விளையாட்டு ஃபெடரேஷன்ல 16ல கமிட்டியே இல்லன்னு உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்புல வேதனையோட குறிச்சு வச்சிருக்கு.

அந்த உச்ச நீதிமன்றம் மட்டும் என்ன, 2019ல அங்க வேலை பாத்த ஒரு பெண் அப்போதைய தலைமை நீதிபதி மேலயே புகார் குடுத்தப்போ, ஒரு சனிக்கிழமை அவசரமா கூட்டின பெஞ்ச்சுல அவரே உக்காந்தாரு. பிறகு உள்ளுக்குள்ள ஒரு குழு போட்டு, வக்கீல் வச்சுக்க விடலன்னு அந்தப் பெண் நடுவுலயே வெளியேறி, புகார்ல சாரம் இல்லன்னு குழு முடிச்சு, அந்த ரிப்போர்ட்டும் வெளில வரல. அவர் தப்பு பண்ணாருன்னு நான் சொல்ல வரல, அது எனக்கு தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் விடல. தன் வழக்குக்கு தானே நீதிபதியா உக்காரக் கூடாதுங்கறது சட்டக் கல்லூரில மொத வருஷத்துலயே சொல்லித்தர்ற பாடம். இதெல்லாம் பாத்த ஒரு பொண்ணு, ப்ராசஸாவது மண்ணாவதுன்னு ஃபோன எடுத்து போஸ்ட் போட்டா அவளப் போய் எப்படி திட்டறது.

2017 அக்டோபர்ல, சட்டம் படிச்சிட்டிருந்த ராயா சர்க்கார், பல்கலைக்கழக ஆசிரியர்கள் 60க்கும் மேல பேரப் போட்டு ஃபேஸ்புக்ல ஒரு லிஸ்ட் விட்டாங்க, யார், எந்த காலேஜ்னு மட்டும், என்ன நடந்துச்சுன்னு பெரும்பாலும் இல்லாம. அதுக்கு மூத்த பெண்ணியவாதிகள்ல சிலபேரே, இது சரியில்ல, முறையான விசாரணை வேணும்னு அறிக்கை விட, சின்னப் பொண்ணுங்க எல்லாம், எந்த விசாரணையப் பத்தி பேசுறீங்க, எங்க காலேஜ் கமிட்டி எங்களுக்கு என்ன பண்ணுச்சுன்னு தெரியுமான்னு திருப்பிக் கேட்டாங்க. எனக்கு அப்பவும் சரி இப்பவும் சரி ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருந்துச்சுன்னுதான் தோணுது, ஆனா அந்த லிஸ்ட்ல ஒரு பெரிய சங்கடம், அதுல பேர் இருந்த ஒருத்தர் நிஜமாவே ஒண்ணும் பண்ணலன்னா அவர் எங்க போய் எதுக்கு பதில் சொல்லுவாரு? குற்றம் என்னன்னே சொல்லாதப்போ மறுக்கக்கூட முடியாதே.

இப்படி பேர் நாறி, கடைசில விடுதலையான ஒருத்தர் கதையும் இருக்கு, டெல்லில 2015 ஆகஸ்ட்ல நடந்துச்சு. திலக் நகர் சிக்னல்ல ஒரு பையன் தன்கிட்ட ஆபாசமா பேசினான்னு ஒரு காலேஜ் பொண்ணு அவன் ஃபோட்டோவ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டா. ஒரே நாள்ல டிவிக்காரங்க அவன மிருகம் ரேஞ்சுக்கு பேசி முடிச்சுட்டாங்க, அவன் வேலையும் போச்சு. 2019 அக்டோபர்ல கோர்ட் அவன விடுவிச்சுது. நாலு வருஷம். ஃபோட்டோ போட்டப்போ வந்த கூட்டத்துல காவாசிக்கூட விடுதலை ஆனப்போ வந்திருக்காது.

இத சொல்லிட்டு பத்திரிகையாளர் பிரியா ரமணி கேஸ சொல்லலன்னா நான் ஒருதலைப்பட்சமா பேசுறேன்னு ஆயிடும். 2018 அக்டோபர்ல அவங்க, தன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டவர்னு எம்.ஜே. அக்பர் பேர வெளில சொன்னாங்க, அப்ப அவர் மத்திய இணை அமைச்சர். இன்னும் பல பெண் பத்திரிகையாளர்கள் பேசினாங்க, அவர் மறுத்தாரு, மானநஷ்டத்துக்கு கிரிமினல் கேஸ் போட்டாரு, பதவிய ராஜினாமா பண்ணாரு. 2021 பிப்ரவரி 17ல டெல்லி கோர்ட் ரமணிய விடுவிச்சு, ஒரு பெண் எத்தனையோ வருஷம் கழிச்சும், தனக்கு விருப்பமான எந்த மேடைலயும் தன் குறைய சொல்லலாம்னு எழுதுச்சு. அவங்களுக்கு சம்பவம் நடந்த காலத்துல கமிட்டின்னு ஒண்ணே கிடையாது. ஆனா அந்த நீதி கிடைக்க அவங்க ரெண்டு வருஷத்துக்கு மேல குற்றவாளிக் கூண்டுல நின்னாங்கங்கறதையும் மறக்காதீங்க. அதுவும் தன் சொந்த அனுபவத்த தன் பேர்ல சொன்னவங்க. அடுத்தவ சொன்னத நாலு வார்த்த சேத்து ஷேர் பண்ற உங்களுக்கு அந்தக் கவசம் இருக்காது. மானநஷ்டம் இப்ப, பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம், வேற ஒருத்தர் சொன்னததான் சொன்னேன்னா தப்பிச்சுக்க முடியாது. அதே விஷயத்த விசாரிக்க அதிகாரம் இருக்கறவங்ககிட்ட நல்லெண்ணத்தோட புகாரா குடுத்தா அதுக்கு அதே பிரிவுலயே விதிவிலக்கு இருக்கு. அதனால ஷேர் பண்ணாதீங்க. பயந்து சொல்றேன்னு நினைக்க வேண்டாம், சாட்சி சொல்லப் போற ஆள் முன்னாடியே ஸ்டோரில தீர்ப்பு எழுதி வச்சிருந்தா, எதிர்ப்பக்கம் அந்த ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து டேபிள்ல வச்சு, இவங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டு வந்தவங்கன்னு ஒரே வரில உங்க சாட்சியத்த காலி பண்ணிருவாங்க.

இதே காரணத்துக்காக அந்த லெட்டர்லயும் கையெழுத்து போடாதீங்க. இங்கதான் எனக்கு நிஜமாவே கோவம் வருது. போஸ்ட் போட்டவங்கள பாத்து, விசாரணை இல்லாம தீர்ப்பு சொல்றாங்கன்னு குமுறுற அதே மேனேஜ்மென்ட், அப்பழுக்கில்லாதவர்னு கையெழுத்து வாங்குதே, அது எந்த விசாரணைல வந்த தீர்ப்பு? அதுவும் சம்பளம் குடுக்கறவங்க நீட்டுற பேப்பர்ல யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு பாருங்க, உங்க கமிட்டி மெம்பர் யாராவது அதுல கையெழுத்து போட்டிருக்காங்களான்னு பாத்து வைங்க. போட்டிருந்தா அவங்க இந்தக் கேஸ கேக்கற தகுதிய அப்பவே இழந்துட்டாங்க, நாளைக்கு விசாரணைன்னு வந்தா அவங்க விலகணும்னு அந்தப் பொண்ணு கேக்கலாம்.

உங்கப்பா ஆபரேஷனுக்கு அவர் செஞ்ச உதவி பெருசுதான். அது உண்மை, நன்றியோட இருங்க, தப்பே இல்ல. ஆனா கமிட்டிகள்ல வெளி உறுப்பினரா உக்காந்து பாத்தவங்கிற முறைல சொல்றேன், எங்ககிட்ட நல்லா இருந்தாருங்கற சாட்சியம் எல்லா கேஸ்லயும் வரும், பத்து பேரு வந்து சொல்லுவாங்க, அவங்க பொய்யும் சொல்ல மாட்டாங்க, அவங்ககிட்ட நல்லாத்தான் இருந்திருப்பாரு. அதுலருந்து அன்னைக்கு மாடில என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் தெரியாது. நல்லவரா கெட்டவராங்கறது கமிட்டி முன்னாடி இருக்கற கேள்வியே கிடையாது, இந்தத் தேதில இந்த எடத்துல இது நடந்துச்சா இல்லையா, அவ்ளோதான்.

இப்ப வேலைக்கு வருவோம், நாள் கம்மியா இருக்கு. போஷ் சட்டப்படி சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். தக்க காரணம் இருந்தா கமிட்டி அத எழுதி வச்சு இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். நாலரை மாசம் ஆச்சுன்னு சொல்றீங்க, அப்ப ஒன்றரை மாசந்தான் மிச்சம். அதுக்கப்புறமும் அவர் மெசேஜ் கிசேஜ் அனுப்பி தொந்தரவு பண்ணியிருந்தா கடைசி சம்பவத்துலருந்து கணக்கு. கொல்கத்தால ஒரு சட்டப் பல்கலைக்கழக துணைவேந்தர் மேல ஒரு பேராசிரியை குடுத்த புகார், கடைசி சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர், ஆறு மாசம் தாண்டிருச்சுன்னு தள்ளுபடி ஆகி, 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி சரின்னுருச்சு. ஆனா அதோட விடாம, இந்தத் தீர்ப்ப அந்தத் துணைவேந்தரோட பயோடேட்டாவுலயே சேக்கணும்னும் உத்தரவு போட்டுச்சு. பலபேர் கைதட்டினாங்க, எனக்கு உறுத்துச்சுங்க. புகார விசாரிக்கவே இல்ல, விசாரிக்க முடியாதுன்னு சொல்லியாச்சு, அப்புறம் காலத்துக்கும் கூட வர்ற ஒரு தண்டனை எங்கருந்து வந்துச்சு? அந்தம்மாவுக்கு விசாரணையும் கிடைக்கல, அந்தாளுக்கு விடுதலையும் கிடைக்கல.

அவசரத்துலயும் இதே கதிதான். கோவா பல்கலைக்கழகத்துல 2009ல மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மேல புகார் குடுத்தாங்க, கமிட்டி நாளுக்கு நாள் உக்காந்து, உடம்பு சரியில்ல டைம் குடுங்கன்னு அவர் கேட்டதையும் கேக்காம மடமடன்னு முடிச்சு ரிப்போர்ட் குடுத்துச்சு, 2010ல டிஸ்மிஸ். கேஸ் மேல போய்க்கிட்டே இருந்து 2023 மே 12ல உச்ச நீதிமன்றம் அந்த டிஸ்மிஸல ரத்து பண்ணி, மொதல்லருந்து ஒழுங்கா விசாரிங்கன்னு திருப்பி அனுப்பிருச்சு. அவர் தப்பு பண்ணலன்னு கோர்ட் சொல்லல. அவர் பேச்ச முழுசா கேக்கலன்னுதான் சொல்லுச்சு. 14 வருஷம் கழிச்சு அந்த மாணவிகள், இப்ப எங்க எந்த வேலைல இருக்காங்களோ, மறுபடி வந்து மொதல்லருந்து சொல்லணும். விசாரணை முறை எல்லாம் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு குடுக்கற சலுகைன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது சொன்னா இத சொல்லுங்க. அவனுக்கு புகார் காப்பி குடுத்து, பத்து வேலை நாள் டைம் குடுத்து, அவன் கேள்விகளயும் கேக்க விட்டு வாங்கின தீர்ப்ப எந்த ஹைகோர்ட்டுக்கு போனாலும் அசைக்கறது கஷ்டம். அது இல்லாம வாங்கினது அப்பீல்லயே விழுந்துரும், விழுந்தா அடி அந்தப் பொண்ணுக்குத்தான்.

அதனால இந்த வாரமே அவளுக்கு ஃபோன் பண்ணுங்க. போஸ்ட்டப் பத்தி பேசாதீங்க, ஏன் போட்ட எதுக்கு போட்டன்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. அன்னைக்கு நீ இறங்கி வந்தத நான் பாத்தேன், கேக்காம விட்டுட்டேன், நீ கம்ப்ளைன்ட் குடுக்கறதா இருந்தா நான் பாத்தத சொல்ல வரேன், கடைசி நாள் இன்னது, அவ்ளோதான். வேலைய விட்டுட்டா குடுக்க முடியாதுன்னு அவ நினைச்சிட்டிருக்கலாம், குடுக்கலாம். அவுட்டிங் ஆஃபீஸ் இல்லையேன்னு யாராவது சொன்னா, கம்பெனி வேலை சம்பந்தமா போன எடமும், கம்பெனி வண்டியும்கூட சட்டத்துல வேலை பாக்குற எடந்தான். நிரூபிக்க முடியலன்னா பொய்ப் புகார்னு தண்டிப்பாங்களோன்னு பயப்படுவா, அந்தப் பிரிவு வேணும்னே தெரிஞ்சே பொய் சொல்றவங்களுக்கு, ஆதாரம் பத்தலங்கறதுக்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு அதே பிரிவு சொல்லுது. போலீசுக்கு போறது தனி வழி, அதுவும் அவ கைல இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லுங்க, கம்ப்ளைன்ட் குடுத்ததுக்கப்புறம் விசாரணை விவரத்த வெளில போடக் கூடாது, அவ பேரு, அவர் பேரு, உங்க பேரு எல்லாத்துக்கும் ரகசியக் காப்பு உண்டு, 16வது பிரிவு. வேண்டாம், எனக்கு இது போதும்னு அவ சொன்னா வற்புறுத்தாதீங்க. அவ சம்மதம் இல்லாம நீங்களா போய் அவ சார்பா புகார் குடுக்க முடியாது, குடுக்கவும் கூடாது.

ஃபோனுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணிருங்க. ஒரு பேப்பர்ல தேதி போட்டு நீங்க பாத்தத எழுதுங்க. எத்தன மணி இருக்கும், எந்தப் படி, யார் யார் பக்கத்துல இருந்தாங்க, அவர் அப்ப எங்க இருந்தாரு, தெரியலன்னா தெரியலன்னு. அழுததப் பாத்தேன்னு எழுதலாம், அவர் தப்பா நடந்துக்கிட்டதால அழுதான்னு எழுதக் கூடாது, அது உங்களுக்கு தெரியாது. இந்த போஸ்ட்ட படிச்சதுக்கப்புறம் உங்க ஞாபகமே கொஞ்சம் மாறியிருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான், அதனால போஸ்ட்ல படிச்சது எது, கண்ணால பாத்தது எதுன்னு பிரிச்சு எழுதுங்க. அவருக்கு சாதகமா ஏதாவது பாத்திருந்தீங்கன்னா அதையும் எழுதணும், உதாரணமா அந்த நேரம் அவர் கீழ உங்க கூட கேரம் விளையாடிட்டிருந்தாருன்னா அத மறைக்கக் கூடாது. கமிட்டி கூப்பிட்டா நேருக்கு நேர் அவர் உங்கள குடைவாரோன்னு பயம் வேண்டாம், நெறைய கமிட்டில அவர் கேள்வியெல்லாம் எழுதிக் குடுத்து தலைவி மூலமாத்தான் கேக்க வைக்கிறாங்க, நீங்களும் அப்படி கேளுங்கன்னு சொல்லலாம்.

லெட்டருக்கு கையெழுத்து கேட்டு எச்.ஆர் மறுபடி வந்தா வாயால சண்ட போடாதீங்க, மெயில்ல ரெண்டு வரி போதும்: "இந்த விஷயத்தில் நான் சாட்சியாக அழைக்கப்பட வாய்ப்பு இருப்பதால் எந்தத் தரப்புக்கும் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட இயலாது. நமது புகார் குழு உறுப்பினர்களின் பெயர், தொடர்பு விவரங்களை எனக்கு அனுப்பவும்." குழுவப் பத்தின அறிவிப்ப எல்லாருக்கும் தெரியற எடத்துல ஒட்டி வைக்கணும்ங்கறது சட்டம். பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனில குழுவே போடலன்னா 50,000 ரூபா வரைக்கும் அபராதம், அப்படி பதில் வந்தா மறுபடி எழுதுங்க, வேற வழி பாக்கலாம். அந்த மெயில பர்சனல் ஐடிக்கும் ஒரு காப்பி வச்சுக்கோங்க.